சண்டைக்கு வர மறுக்கும் பிள்ளைகள்: இருண்ட அமானுஷ்ய அனிமேவுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

"ஜுஜுட்சு கைசென் பார்த்து முடித்துவிட்டேன். இதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?" அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல். பேய் வரும் தொடர், பூதம் வரும் தொடர், வாள் வீசும் தொடர் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் பட்டியலை நம்பி உட்காருகிறவர் இரண்டு மூன்று தொடர்களிலேயே சலித்துப்போகிறார். இருட்டு இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, ஆனால் மனம் ஒட்டவில்லை.

பேயை வைத்துத் தேடுவதுதான் கோளாறு. இந்த வகைக் கதைகளில் நம்மைப் பிடித்து உட்காரவைப்பது எதிரி எவ்வளவு பயங்கரமானவன் என்பதைவிட, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று ஏன் அந்தச் சண்டைக்குள் தள்ளப்பட்டது, தள்ளியவர் யார் என்பதுதான். 'அட்டாக் ஆன் டைட்டன்' எவ்வளவு இருண்ட கதையானாலும், எரென் முதல் நாளிலிருந்தே போருக்குத் துடிக்கிறவன். 'டெமன் ஸ்லேயர்' தஞ்சிரோவும் தயங்குகிறவன் இல்லை. இரண்டும் நல்ல தொடர்கள். ஆனால் 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லும் பிள்ளையைத் தேடி வந்தவருக்கு அவை வேறு ஊர்ப் பாதை.

உங்களைப் பிடித்தது எது என்று முதலில் பாருங்கள்

'ஜுஜுட்சு கைசென்' நாயகன் யூஜி இட்டாடோரியை எடுத்துக்கொள்ளுங்கள். செண்டாய் நகரத்துப் பள்ளி மாணவன். தாத்தா மருத்துவமனையில் சாகும்போது, நீ வலுவானவன், மற்றவர்களுக்கு உதவு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்றிரவே நண்பர்களைக் காப்பாற்ற அவன் ஒரு சாபப் பொருளை விழுங்கிவிடுகிறான். அது சாபங்களின் அரசன் சுகுனாவின் விரல். விடிந்ததும் மந்திரவாதிகளின் உலகம் அவனுக்கு மரண தண்டனை விதித்துவிட்டது. இப்போதே சாகலாம், அல்லது இருபது விரல்களையும் தேடித் தின்றுவிட்டுச் சாகலாம். அவனுக்குத் தரப்பட்ட தேர்வு அவ்வளவுதான்.

இந்தச் சின்ன நிலைமைக்குள் பல இழைகள் இருக்கின்றன. பெரியவர்கள் பிள்ளையைக் கருவியாக்குகிறார்கள். தெரியாமல் ஏற்ற ஒப்பந்தம் பின்னால் கழுத்தை நெரிக்கிறது. தன் உடலே தனக்கு அந்நியமாகிறது. உங்களை உறுத்தியது இவற்றுள் எது என்று ஐந்து நிமிடம் யோசியுங்கள். பெரியவர்கள் மேல் கோபம் வந்தது என்றால் உங்கள் பாதை 'எவாஞ்சலியன்' பக்கம். ஏமாற்றப்பட்ட வலி என்றால் 'மடோகா'. உடலுக்குள் இன்னொருவன் குடியிருப்பது என்றால் 'பாராசைட்', 'டோக்கியோ கூல்'. எல்லாம் கலந்து வேண்டும், கூடவே வறுமையின் கசப்பும் வேண்டும் என்றால் 'செயின்சா மேன்'.

ஒன்றே முக்கால் மணி நேரச் சோதனை

இந்த வகையே உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியாவிட்டால் முழுத் தொடரில் இறங்காதீர்கள். 2021 டிசம்பரில் வெளியான 'ஜுஜுட்சு கைசென் 0' திரைப்படத்தைப் பாருங்கள். தொடருக்கு முந்தைய கதை என்பதால் எதுவும் தெரியாமலே பார்க்கலாம். யூதா ஒக்கோட்சு என்ற பையனை, சிறுவயதில் விபத்தில் இறந்துபோன தோழி ரிகாவின் ஆவி பற்றிக்கொண்டிருக்கிறது. அவனைத் துன்புறுத்துகிறவர்களை அது சிதைத்துவிடுகிறது. யாருக்கும் தீங்கு வரக் கூடாது என்பதற்காகவே அவன் உலகத்தை விட்டு ஒதுங்கப் பார்க்கிறான். தாயத்துச் சீட்டுகள் ஒட்டிய அறையில் குறுகி உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனின் தோள்களைக் கவனியுங்கள். சண்டை வீரனுக்குரிய எதுவும் அதில் இல்லை.

படத்தை ஜப்பானியக் குரலிலேயே கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூதாவுக்குக் குரல் கொடுத்தவர் மெகுமி ஒகாதா. 1995ல் 'எவாஞ்சலியன்' நாயகன் ஷின்ஜிக்கும் அவர்தான் குரல். இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் அதே தொண்டையிலிருந்து அதே தயக்கம் வருகிறது. இந்த வகையின் பரம்பரையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

படம் முடிந்ததும் யூதாவின் மேல் ஒரு அக்கறை வந்துவிட்டதா? மேலே படியுங்கள். அவனுடைய தயக்கம் எரிச்சலூட்டியது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 'ப்ளீச்' பார்க்கப் போகலாம். அதில் தவறே இல்லை.

முதல் முழுத் தொடர்

முதலில் பார்க்க இரண்டைச் சொல்வேன். இரண்டும் முடிவுள்ள கதைகள், அடுத்த சீசனுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று 'பாராசைட்: த மாக்ஸிம்'. மேட்ஹவுஸ் நிறுவனம் எடுத்தது, 24 எபிசோடுகள், 2014 அக்டோபரிலிருந்து 2015 மார்ச் வரை ஒளிபரப்பானது. மூலம் ஹிட்டோஷி இவாகியின் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. அது 1980களின் இறுதியில் தொடங்கிய கதை. அனிமே எடுத்தவர்கள் அதில் ஸ்மார்ட்போனைக் கொண்டுவந்து காலத்தை மாற்றினார்களே தவிர, எலும்பில் கை வைக்கவில்லை.

முதல் எபிசோடில் ஒரு நிமிடத்தைச் சொல்கிறேன். உயர்நிலைப்பள்ளி மாணவன் ஷினிச்சி இசுமி காதில் ஹெட்போன் மாட்டியபடியே தூங்கிவிட்டான். மூளையைத் தேடி வந்த புழுவுக்குக் காது வழி அடைத்திருக்கிறது. அது மூக்குப் பக்கம் போகும்போது அவன் விழித்துவிடுகிறான், புழு கைக்குள் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. அவன் அந்த ஹெட்போன் வயரையே பிடுங்கித் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டுகிறான். மூளை தப்பிவிடுகிறது. வலது கை போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கையில் கண்ணும் வாயும் முளைத்து, மிகி என்ற பெயரோடு அவனுடன் பேச ஆரம்பிக்கிறது. மிகிக்கு நல்லது கெட்டது கிடையாது, உயிர் பிழைக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஷினிச்சிக்கும் வேண்டியது அதுவே. ஆனால் மற்ற ஒட்டுண்ணிகள் மனிதர்களைத் தின்பதை அவனால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். போலீசிடம் போனால் அவனையே அறுத்துப் பார்ப்பார்கள். இந்த இடுக்கில்தான் அவன் சண்டைக்காரன் ஆகிறான்.

பார்க்கும்போது அவன் முகத்தின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். கண்ணாடி போட்ட சாதுவான பையன், பாதித் தொடருக்குள் கண்ணாடி இல்லாத, பார்வை நிலைகுத்திய வேறொருவனாக மாறியிருப்பான். வலிமை கூடக் கூட அவனால் அழ முடியாமல் போகிறது. இதைக் காட்டிய விதத்துக்காகவே இந்தத் தொடரை நான் புதியவர்களிடம் முதலில் நீட்டுகிறேன்.

இன்னொன்று 'புவெல்லா மாகி மடோகா மாகிகா'. 2011ல் ஷாஃப்ட் நிறுவனம் எடுத்த 12 எபிசோடுகள். இயக்கம் அகியுகி ஷின்போ, எழுத்து கென் உரோபுச்சி. போஸ்டரைப் பார்த்தால் இளஞ்சிவப்பு முடியும் ரிப்பனுமாகச் சின்னக் குழந்தைகளுக்கான தொடர் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானில் இது நள்ளிரவு நேரத்தில் ஒளிபரப்பான தொடர்.

கியூபே என்ற வெள்ளைப் பிராணி பள்ளிச் சிறுமிகளிடம் வந்து கேட்கிறது: என்னோடு ஒப்பந்தம் செய்துகொள், ஒரே ஒரு ஆசையை நிறைவேற்றித் தருகிறேன், பதிலுக்கு நீ சூனியக்காரிகளோடு சண்டை போட வேண்டும். மடோகா தயங்குகிறாள். அந்தத் தயக்கம்தான் கதை. கியூபே சொல்வதைக் கேட்பதைவிட, சொல்லாமல் விடுவது என்ன என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

சூனியக்காரிகளின் இருப்பிடங்களை வரைந்தது கெகிடான் இனு கரி என்ற தனிக் கலைக்குழு. சாதாரண அனிமே ஓவியத்துக்குள் திடீரென்று வெட்டி ஒட்டிய காகிதமும் துணியும் கத்தரிக்கோலும் புகுந்துவிடுகின்றன. முதல் எபிசோடில் மீசை வைத்த பஞ்சு உருண்டைகள் பாடிக்கொண்டே வந்து சிறுமிகளைச் சூழும். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் வயிற்றைக் கலக்கும் காட்சி அது. முதல் மூன்று எபிசோடுகளை ஒரே மூச்சில் பாருங்கள். ஏன் என்று இங்கே சொல்ல மாட்டேன், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். தொடரை முடித்த பிறகு 2013ல் வந்த 'ரெபெல்லியன்' திரைப்படத்துக்குப் போகலாம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இரண்டு படங்களும் தொடரின் சுருக்கமே, தொடரைப் பார்த்தவருக்கு அவசியமில்லை.

மடோகாவை முடித்தவர்களுக்கு 'யூகி யூனா இஸ் எ ஹீரோ' அடுத்தது. ககாவா மாநிலத்துக் கடற்கரை ஊர், மதியம் உடோன் நூடுல்ஸ், ஊருக்கு உதவும் பள்ளி மன்றம் என்று மிக அமைதியாகத் தொடங்கும். மடோகா அளவுக்குக் கச்சிதம் இல்லை, ஆனால் அதன் பிள்ளைகள் மனதில் நிற்பார்கள்.

எவாஞ்சலியனுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்

'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' இல்லாமல் இந்த வகையைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் முதல் தொடராக யாருக்கும் இதை நான் சொல்வதில்லை. இரண்டு மூன்று தொடர்கள் பார்த்து, தயங்கும் நாயகர்களோடு பழகிய பிறகு வாருங்கள். கண்டிப்பாகச் சொன்னால் இது இயந்திர மனிதர்களும் விஞ்ஞானமும் கலந்த கதை. ஆனாலும் ஏஞ்சல்கள் என்று அழைக்கப்படும் எதிரிகளும், மத அடையாளங்களும், ஆன்மாவைப் பற்றிய பேச்சுமாக அமானுஷ்யத்தின் பக்கமே இது நிற்கிறது.

1995 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கியது. அந்த ஆண்டு ஜப்பானுக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் தொடரின் இருட்டு இன்னும் புரியும். ஜனவரியில் கோபே நிலநடுக்கம். மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ அமைப்பின் விஷவாயுத் தாக்குதல். பொருளாதாரக் குமிழி வெடித்து, படித்து வந்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருந்த காலம். இயக்குநர் ஹிடேயாகி அன்னோவும் நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய முடியாமல் மனச்சோர்வில் கிடந்துவிட்டு எழுந்து வந்தவர். தொடர் தொடங்கும் முன்பே அதை அவர் வெளிப்படையாக எழுதினார்.

முதல் எபிசோடில் பதினான்கு வயது ஷின்ஜி இகாரி, ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்காத அப்பா கூப்பிட்டாரென்று டோக்கியோ 3 நகரத்துக்கு வருகிறான். அப்பா கெண்டோ உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார். பையன் கீழே, எவாஞ்சலியன் என்ற ராட்சத இயந்திரத்தின் முகத்துக்கு முன்னால் நிற்கிறான். ஏறி ஓட்டு, இல்லையென்றால் போய்விடு என்கிறார் அப்பா. பையன் மறுக்கிறான். உடனே உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ரெய் என்ற பெண்ணைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அவன் ஏறாவிட்டால் அவள் ஏற வேண்டும். கட்டடம் குலுங்கி அவள் கீழே விழ, ஓடிப்போய்த் தாங்கிய ஷின்ஜியின் உள்ளங்கையில் அவளுடைய ரத்தம். ஓடிப்போகக் கூடாது, ஓடிப்போகக் கூடாது என்று அவன் தனக்குத்தானே முணுமுணுக்கத் தொடங்குவது அப்போதுதான். அவனை ஏறவைத்தது வீரம் இல்லை. மறுத்தால் இன்னொரு பிள்ளை சாகும் என்ற கணக்கைப் பெரியவர்கள் அவன் கண்முன்னே போட்டுக் காட்டினார்கள்.

'ஷின்ஜி அழுமூஞ்சி' என்று சொல்பவர்களை நீங்கள் நிறையவே சந்திப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. நான்காவது எபிசோடைப் பொறுமையாகப் பாருங்கள். அதில் சண்டையே கிடையாது. அவன் ஓடிப்போகிறான், ரயிலில் சுற்றிச் சுற்றி வருகிறான், காதில் வாக்மேன் போன்ற ஒரு கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையரங்கில் பொழுதைக் கழிக்கிறான், வயல்வெளியில் கூடாரம் போட்டிருக்கும் வகுப்புத் தோழனைச் சந்திக்கிறான். கடைசியில் ஊரைவிட்டு அனுப்பிவைக்கும் ரயில் வந்து நிற்கும்போது அவன் ஏறவில்லை. போக இடமில்லாத பிள்ளை எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேர்மையாகக் காட்டிய அனிமே அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து இல்லை.

பார்க்கும் வரிசை இதுதான். தொடரின் 26 எபிசோடுகளையும் முதலில் முடியுங்கள். கடைசி இரண்டும் முழுக்க மனதுக்குள் நடப்பவை, வெளியே என்ன ஆனது என்று குழப்பம் வரும். குழம்பினாலும் பார்த்து முடியுங்கள். அடுத்து 1997 ஜூலையில் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' படம். தொடருக்கும் படத்துக்கும் நடுவே ஒருநாளாவது இடைவெளி விடுங்கள். அதே 1997 மார்ச்சில் வந்த 'டெத் அண்ட் ரீபர்த்' படத்தை விட்டுவிடலாம், பெரும்பகுதி பழைய காட்சிகளின் தொகுப்பு. 2007, 2009, 2012, 2021 ஆண்டுகளில் வந்த நான்கு 'ரீபில்ட்' படங்களை மேலே சொன்னவற்றுக்குப் பிறகே பாருங்கள். அவை வெறும் மறுபதிப்புகள் இல்லை, பழைய கதையை அறிந்தவர்களை எதிர்பார்த்து எடுக்கப்பட்டவை. நான்காவது படத்தில் அன்னோ ஷின்ஜிக்குச் செய்திருப்பதை உணர, முந்தைய ஷின்ஜியோடு நாம் வாழ்ந்திருக்க வேண்டும்.

வரிசை குழம்பும் இடங்கள்

அனிமே பெரும்பாலும் மங்கா ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுகிறது. மூலக்கதை தீர்ந்துவிட்டால் ஸ்டுடியோ தானே ஒரு முடிவைக் கட்டிவிடும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

'ப்ளூ எக்ஸார்சிஸ்ட்' நல்ல எடுத்துக்காட்டு. தான் சாத்தானின் மகன் என்பதைப் பதினைந்து வயதில் தெரிந்துகொள்ளும் ரின் ஒகுமுராவின் கதை. 2011ல் வந்த 25 எபிசோடுகளின் பிற்பகுதி, மங்காவில் இல்லாத சொந்த முடிவுக்குப் போய்விடுகிறது. 2017ல் வந்த 'கியோட்டோ சாகா' அந்த முடிவை நடக்காததாக எடுத்துக்கொண்டு மங்காவின் வழியில் தொடர்கிறது. இது தெரியாமல் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஏதோ எபிசோடைத் தவறவிட்டுவிட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

'டோக்கியோ கூல்' விஷயத்தில் என் ஆலோசனை இன்னும் கறாரானது. 2014ல் வந்த முதல் 12 எபிசோடுகளைப் பாருங்கள். பிறகு அனிமேவை அங்கேயே நிறுத்திவிட்டு, சுயி இஷிதாவின் மங்காவை முதல் அத்தியாயத்திலிருந்து படியுங்கள். 14 தொகுதிகள். புத்தகப் பிரியனான கென் கனேகி, ஓர் உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு பாதி மனிதன், பாதி கூல் (மனிதரைத் தின்று வாழும் பூதம்) ஆகிறான். பிடித்த பர்கரைக் கடித்தால் குமட்டுகிறது, காபி மட்டுமே தொண்டையில் இறங்குகிறது. அந்தப் பசியை அவன் எதிர்த்து நிற்பதுதான் கதையின் உயிர். இரண்டாம் சீசன் மங்காவின் பாதையை விட்டு விலகியதில் அந்த உயிர் மெலிந்துபோனது. கனேகிக்குப் பதினெட்டு வயது, கல்லூரி மாணவன், இந்தப் பட்டியலில் மூத்தவன். ஆனாலும் இங்கே சேர்க்காமல் இருக்க முடியாது.

'அஜின்' பற்றி ஒரு வார்த்தை. முழுக்கக் கணினி வரைகலையில் எடுத்த தொடர் என்பதால் முதல் எபிசோடில் அசைவுகள் கண்ணை உறுத்தும். சற்றுப் பொறுத்தால் பழகிவிடும். சாவு இல்லாதவன் என்று லாரி மோதிய பின்பு தெரிந்துகொள்ளும் கெய் நாகாய், மற்ற நாயகர்களைப் போல நல்லவனும் இல்லை. 'என்னை விட்டுவிடுங்கள், எனக்கு அமைதியான வாழ்க்கை வேண்டும்' என்பதே அவன் கொள்கை. அப்படி ஒரு சுயநலக்காரனைக் கதை எப்படி நகர்த்துகிறது என்று பார்க்க வேண்டும்.

செயின்சா மேன்

டட்சுகி ஃபுஜிமோட்டோவின் கதை, மாப்பா நிறுவனம், 2022 இறுதியில் 12 எபிசோடுகள். டென்ஜி அப்பாவின் கடனை அடைக்க உடல் உறுப்புகளை விற்றவன். செத்துப் பிழைத்து, இதயத்தில் ரம்பப் பிசாசு பொச்சிட்டாவோடு எழுகிறான். அரசாங்கத்தின் பிசாசு ஒழிப்புப் பிரிவிலிருந்து வரும் மக்கிமா அவனிடம் கேட்பது: பிசாசாகக் கொல்லப்படுகிறாயா, மனிதனாக என்னிடம் வளர்கிறாயா? காலையில் ரொட்டிக்கு ஜாம் கிடைக்கும் என்றதும் அவன் முகம் மலர்கிறது.

டென்ஜி மறுக்கவே இல்லையே, அவனை ஏன் இங்கே சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். மறுக்கவும் ஒரு வசதி வேண்டும். ஷின்ஜிக்கு ஓடிப்போக ஒரு ரயிலாவது இருந்தது. ஒரு துண்டு ரொட்டியில் நாளைக் கழித்தவனுக்கு 'வேண்டாம்' என்ற சொல்லே தோன்றவில்லை. அவன் அதைக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாகத்தின் கதை என்று நான் படிக்கிறேன். தொடரை முடித்ததும் 2025ல் வந்த 'ரெஸே ஆர்க்' திரைப்படம் நேரடித் தொடர்ச்சி. அதற்கு மேல் பொறுமை இல்லாதவர்கள் மங்காவுக்குப் போகலாம், முதல் பாகம் 97 அத்தியாயங்களில் முடிகிறது.

வயதும் மனநிலையும்

நாயகர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கான தொடர்கள் என்று ஆகிவிடாது. கோ நாகாயின் 1972 மங்காவிலிருந்து மசாகி யுவாசா எடுத்த 'டெவில்மேன் க்ரைபேபி' இந்த வகையின் வேர்களில் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்ததும் கூட. ஆனால் அதில் உடலுறவும் வன்முறையும் ஒளிவுமறைவின்றி வரும். பெரியவர்களுக்கு மட்டுமே உரியது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. 'கான்ட்ஸ்' தொடரும் அப்படியே. 'டோக்கியோ கூல்' முதல் சீசனின் கடைசி எபிசோடில் நீண்ட சித்திரவதைக் காட்சி உண்டு.

ரத்தத்தைவிட நான் அதிகம் எச்சரிப்பது இன்னொன்றை. எவாஞ்சலியனின் பிற்பகுதி, 'ஜுஜுட்சு கைசென் 0' படத்தின் தொடக்கம், மடோகா எல்லாமே தன்னை வெறுப்பதையும் சாக நினைப்பதையும் நெருங்கிப் பேசுகின்றன. மனம் ஏற்கெனவே கனத்திருக்கும் நாட்களில் இவற்றைத் தள்ளிவையுங்கள். தொடர் எங்கும் போய்விடாது. நண்பருக்குப் பரிந்துரைக்கும்போதும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதையின் திருப்பத்தை மறைக்கலாம், எந்த வகை வலி வரும் என்பதை மறைக்கக் கூடாது.

எங்கே, எந்த மொழியில்

கிரஞ்சிரோல், நெட்ஃபிளிக்ஸ் இரண்டிலும் மேலே சொன்னவற்றில் பல கிடைக்கின்றன. எவாஞ்சலியனும் டெவில்மேனும் நெட்ஃபிளிக்ஸில் வந்தவை. உரிமம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் சந்தா கட்டும் முன் உங்கள் நாட்டுப் பக்கத்தில் தொடரின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். தமிழ் டப்பிங்கும் இப்போது வரத் தொடங்கியிருக்கிறது. கிரஞ்சிரோலில் சில தொடர்களுக்குத் தமிழ் ஒலி உண்டு. டெமன் ஸ்லேயரின் 'இன்ஃபினிட்டி காஸில்' 2025 செப்டம்பரில் தமிழிலேயே திரையரங்குகளில் ஓடியது. வீட்டில் பெரியவர்களையும் சேர்த்து உட்காரவைக்க அது நல்ல வழி. தனியாகப் பார்க்கும்போது ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் போதும், இரண்டு எபிசோடுகளுக்குள் கண் பழகிவிடும்.

மங்கா படிக்க ஷுயெய்ஷா பதிப்பகத்தின் 'மங்கா பிளஸ்' இருக்கிறது. ஜுஜுட்சு கைசென், செயின்சா மேன் போன்றவற்றின் முதல் மூன்று அத்தியாயங்களை ஆங்கிலத்தில் இலவசமாகப் படிக்கலாம். கதை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க அது போதும்.

ஒன்று நினைவிருக்கட்டும். பார்த்து முடிக்கும்வரை கதாபாத்திரத்தின் பெயரைத் தேடுபொறியில் தட்டாதீர்கள். பெயரை முழுதாக அடிப்பதற்குள்ளேயே 'சாவு' என்ற சொல்லைத் தானாகச் சேர்த்துக் காட்டிவிடும்.

நடுவில் மூச்சுவிட

இரண்டு கனமான தொடர்களுக்கு நடுவே 'மாப் சைக்கோ 100' ஒன்றை வையுங்கள். ஷிகேயோ ககெயாமா, பதினான்கு வயது, அளவில்லாத மனோசக்தி. அதை மனிதர்கள் மேல் பயன்படுத்தக் கூடாது என்பதில் உறுதியாக நிற்கிறவன். மணிக்கு 300 யென் கூலிக்கு அவனை வேலை வாங்கும் ரெய்கென் ஒரு போலி மந்திரவாதி. ஆனால் முதல் சீசனின் முடிவில், எதிரிகள் சூழ்ந்த இடத்தில், அந்தப் போலி மனிதர்தான் பையனிடம் சொல்கிறார்: பிடிக்கவில்லை என்றால் ஓடிப்போகலாம், தப்பில்லை. எவாஞ்சலியன் பார்த்துவிட்டு இந்தக் காட்சிக்கு வருகிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். ஷின்ஜியிடம் யாரும் சொல்லாத வாக்கியம் அது.

பழைய ருசி வேண்டுமென்றால் யோஷிஹிரோ தொகாஷியின் 'யூ யூ ஹகுஷோ', 112 எபிசோடுகள், 1992ல் தொடங்கியது. பதினான்கு வயது முரட்டுப் பையன் யூசுகே உராமெஷி, ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் முதல் எபிசோடிலேயே செத்துவிடுகிறான். மேலுலகத்திலோ அவனுக்கு இடமே ஒதுக்கவில்லை. இப்படிப்பட்ட பையன் யாருக்காகவாவது உயிரைக் கொடுப்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. மெகுமி ஒகாதா இதிலும் உண்டு, குராமாவின் குரலில்.

கடைசியாக வைக்க வேண்டியது

'போகுரானோ' என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மொஹிரோ கிடோவின் மங்கா, 2007ல் கோன்ஸோ எடுத்த 24 எபிசோடுகள். கோடை முகாமுக்குக் கடற்கரைக்கு வந்த பதினைந்து பிள்ளைகள் ஒரு குகைக்குள் கொக்கோபெல்லி என்ற ஆளைச் சந்திக்கிறார்கள். ஒரு விளையாட்டு இருக்கிறது, பூமியைக் காப்பாற்றும் விளையாட்டு, சேருகிறீர்களா என்று அவன் கேட்கிறான். சரி என்று கை வைத்துவிடுகிறார்கள். விதிகள் பிறகே தெரிகின்றன. ராட்சத இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை ஓட்ட வேண்டும், அந்தப் பிள்ளையின் வீடும் அப்பாவும் அம்மாவும் அந்தந்த எபிசோடில் வந்துபோவார்கள். பயப்படுகிறவர், கோபப்படுகிறவர், யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் ஊரைச் சுற்றிவிட்டு வருகிறவர் என்று மறுப்பின் அத்தனை முகங்களும் இந்த ஒரே தொடருக்குள் இருக்கின்றன.

அனிமேவின் இரண்டாம் பாதி மங்காவை விட்டு விலகிப் போகிறது. மங்கா இன்னும் கொடியது, இன்னும் சிறந்தது. இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் அனிமேவை முதலில் முடியுங்கள், மறுவரிசையில் போனால் அனிமே நீர்த்துத் தெரியும். இரவு முழுக்கத் தொடர்ச்சியாகப் பார்க்க ஏற்ற தொடர் இது இல்லை. ஒரு பிள்ளையின் கதை முடிந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த பிள்ளைக்கு அடுத்த நாள் வாருங்கள்.